வட்டத்துக்கு வெளியே ஒரு கோடு

சூசைதாசன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரின் முன்னால் நின்றார்.

தரம் எட்டு வகுப்பறையின் பின்சுவர் அது. அன்று பெற்றோர் நாள். மற்றவர்கள் சுவரில் தங்கள் பிள்ளை வரைந்த கட்டத்தைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, தேநீர் வைத்திருந்த மேசைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். சூசைதாசன் தன் மகனின் கட்டத்தில் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. மூன்று கட்டம் தள்ளி, தம்பி மகள் டிலானி வரைந்த கட்டத்தின் முன்னால் போய் நின்றுவிட்டார்.

இரண்டு வள்ளங்களின் சொந்தக்காரர். பெட்டி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேட்டு. அதையும் மீறி எஞ்சின் மண்ணெண்ணெய் வாசனை மெதுவாக வந்தது. சேட்டுப் பையிலிருந்து கைபேசியை எடுத்து அந்தக் கட்டத்தை ஒரு படம் எடுத்தார். பிறகு கிட்டப் போய் இன்னொரு படம் எடுத்தார். தேநீர் நீட்டிய பிள்ளைக்கு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வாசலால் இறங்கிப் போனார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடற்கரை மனிதர் ஒருவர் ஒரு சித்திரத்தை இத்தனை நேரம் நின்று பார்த்து நான் கண்டதில்லை. அதிபரிடம் போய் அதைச் சொல்லவும் செய்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை என்னைக் கொஞ்சம் நல்லவனாகவே காட்டி வந்திருக்கிறேன். அப்படி ஒரு வாத்தியார் தங்களுக்கு வாய்க்கவில்லையே என்று இரண்டு வாசகர்கள் கடிதம்கூட எழுதியிருந்தார்கள். அவர்கள் இந்த வாரத்தையும் படிக்க வேண்டும்.

மலையில்லாத ஊரில் மலை

நான் நானாட்டான்காரன். வயலும் குளமும் உழவு இயந்திரமும்தான் எனக்குத் தெரியும். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து மன்னார்த் தீவுக்கு வந்து சித்திரம் படிப்பித்துவிட்டுத் திரும்புகிறவன். இது நடந்து நாலைந்து வருடங்கள் இருக்கலாம்.

அந்தத் தவணையில் கல்வி அதிகாரிகளின் கந்தோரில் ஒரு செயலமர்வு வைத்தார்கள். வகுப்பறை பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும், உள்ளே நுழைகிறவர் அங்கே படிக்கிறவர்கள் யார் என்று கண்டுகொள்ள வேண்டும் என்று ஒருவர் பேசினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசியதால் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. எனக்கு அந்த எண்ணம் உண்மையிலேயே பிடித்திருந்தது.

தரம் எட்டின் பின்சுவர் உப்புக் காற்றில் பொரிந்து போய்க் கிடந்தது. சுரண்டி, வெள்ளையடித்து, நூல் பிடித்துச் சுவரை முப்பது கட்டமாகப் பிரித்தேன். ஆளுக்கு ஒரு கட்டம். பெயர் எழுதக் கூடாது. பெயரில்லாமலே அது யாருடைய கட்டம் என்று தெரிய வேண்டும். இவ்வளவுதான் விதி.

முதலில் கடதாசியில் வரையச் சொன்னேன். அத்தனை பேரும் இரண்டு மலைக்கு நடுவில் சூரியன் வரைந்தார்கள். மன்னாரில் மலை கிடையாது. மொட்டை மாடியில் ஏறினால் எட்டுத் திசைக்கும் தட்டையான நிலம்தான். ஆனாலும் சித்திரம் என்றால் மலை என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாம் முறை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார்கள். முசலிப் பக்கத்து ரிஸ்னா, பஸ் இருக்கையின் உறைத் துணியில் இருக்கும் பூவேலையை வரைந்தாள். வாப்பா வீடு முசலி, உம்மாவின் ஆட்கள் எல்லாரும் புத்தளம். மாதம் இரண்டு முறை அந்த இருக்கையில்தான் அவள் தூங்கி விழுந்துகொண்டு போய் வருவாள். எதைப் பார்த்தால் வீட்டு ஞாபகம் வரும் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் அது. சூசைதாசனின் மகன் மோட்டார் சைக்கிளின் முன் லைற்றை மட்டும் பெரிதாக வரைந்தான். வீட்டில் அப்படி ஒன்று இல்லை, இனித்தான் வர இருக்கிறது என்றான். அதுவும் நியாயம்தான்.

மற்றவர்கள் கட்டத்தோடு ஒரு கிழமை மல்லுக்கட்டினார்கள். டிலானிக்குக் கால் மணி நேரம் போதுமாக இருந்தது. பென்சில் கேட்கவில்லை, அடிமட்டம் கேட்கவில்லை. கறுப்புப் பெயின்ற்றில் தூரிகையைத் தோய்த்து ஒரு வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் நிமிர்ந்த மூன்று கோடுகள். முதல் இரண்டும் உள்ளேயே நின்றன. மூன்றாவது கோடு வட்டத்தின் அடியை வெட்டிக்கொண்டு வெளியே இறங்கியது. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுத் தன் கதிரையில் போய் உட்கார்ந்தாள்.

இது என்ன என்று கேட்டேன். எங்கட குறி சேர் என்றாள்.

எங்கள் ஊரில் மாட்டுக்குக் குறி வைப்பார்கள். அதுபோல இவர்களிடமும் ஏதோ ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போனேன். அந்த இடத்தில் நின்று இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

என் கைக்கு ஒரு வியாதி

கோணலாக எதைக் கண்டாலும் என் கை சும்மா இருக்காது. கலியாண வீடுகளில் அடுத்தவர் வீட்டு நாட்காட்டியை நேராக்குவேன். ஒரு முறை செத்த வீட்டில், பெட்டிக்கு மேலே வைத்திருந்த படத்தில் மாலை ஒரு பக்கம் சரிந்திருக்கிறதென்று எழும்பிப் போய்ச் சரி செய்தேன். அழுதுகொண்டிருந்த அந்த வீட்டுக்காரி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் என் வலக்கைப் பக்கம்தான் அவள் உட்காருவாள்.

இந்த வியாதியை எனக்கு யார் தந்தார்கள் என்றும் தெரியும்.

யுத்தத்தில் மடுப் பக்கம் இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த காலம். அங்கே மரத்தின் கீழே நடந்த பள்ளிக்கூடத்தில் எனக்குப் பத்தோ பதினொன்றோ வயது. சித்திரப் போட்டி ஒன்று வந்தது. விட்டுவிட்டு வந்த எங்கள் உழவு இயந்திரத்தை வரைந்தேன். அதன் இடப்பக்கத்து மட்காட் நெளிந்திருக்கும். அப்பா ஒரு பூவரச மரத்தில் மோதிய நெளிவு அது. அதை நெளிவாகவே வரைந்திருந்தேன். வாத்தியார் வந்தார், என் கையைத் தன் கைக்குள் வைத்துப் பிடித்தார், அழிறப்பரால் நெளிவை அழித்து மட்காட்டை உருண்டையாக்கினார். பரிசு கிடைத்தது. அப்பா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு நானாட்டான் வீட்டில் கனகாலம் தொங்கவிட்டிருந்தார். அது எங்கள் மிசின் இல்லை என்று எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

இதெல்லாம் தெரிந்த ஒருவன் அதையே இன்னொரு பிள்ளைக்குச் செய்ய மாட்டான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் நாளுக்கு முதல் நாள் பின்னேரம். பிள்ளைகள் போய்விட்டார்கள். அந்தக் கிழமை கூட்டும் முறை டிலானிக்கு. அவள் மேசைகளை ஒதுக்கிக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கையில் தின்னர் துணியும் மறு கையில் சின்னத் தூரிகையுமாகக் கட்டம் கட்டமாகப் போனேன். வழிந்த பெயின்ற்றைத் துடைத்தேன், பிசிறை மறைத்தேன். டிலானியின் கட்டத்துக்கு வந்தபோது அந்த மூன்றாவது கோடு கண்ணில் குத்தியது. இரண்டு கோடு ஒழுங்காக உள்ளே நிற்க, இது மட்டும் கை தவறி வெளியே இறங்கியிருந்ததாகப் பட்டது. வெள்ளைப் பெயின்ற்றைத் தொட்டு ஒரு இழுவை. கோடு வட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

இப்போது வடிவாக இருக்கிறதுதானே என்று அவளிடம் கேட்டேன். தும்புத்தடியோடு நின்று சுவரைப் பார்த்தாள். ஓம் சேர் என்றாள். திரும்பக் கூட்டத் தொடங்கினாள்.

திங்கள், செவ்வாய், புதன்

பெற்றோர் நாளுக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை டிலானி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

செவ்வாய் இடைவேளையில் சூசைதாசனின் மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு, டிலானி வீட்டுப் பிரச்சினை மீனவர் சங்கத்துக்குப் போய்விட்டது என்றான். மிச்சத்தை அந்த ஊர்க்காரரான பள்ளிக்கூடக் காவலாளி சொன்னார். அவர் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன்.

அந்தக் கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. வலையின் மிதவைகள் எல்லாவற்றிலும் அதைத் தீட்டி வைப்பார்கள். காற்றில் வலை அறுந்து இழுபட்டு விடத்தல்தீவுப் பக்கம் ஒதுங்கினாலும் மிதவையைப் பார்த்து இன்னாருடையது என்று திருப்பிக் கொடுப்பார்கள். தகப்பன் செத்தால் வள்ளத்தைப் பிரிக்கலாம், வலையைப் பிரிக்கலாம், குறியைப் பிரிக்க முடியாது. அது மூத்தவனுக்கு. இளையவன் அதே குறியில் ஒரு கோட்டை வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும்.

டிலானியின் தகப்பன் ஜெயசீலன் இளையவர். வெளியே இழுக்க மாட்டேன் என்று தொடக்கத்தில் அடம்பிடித்தார். அப்பாவோடு கடைசி வரை தொழிலுக்குப் போனது தான்தானே என்பது அவர் நியாயம். ஒரே குறியோடு இரண்டு வீட்டு வலையும் கடலில் கிடந்தது. வலை காணாமல் போனது, கைகலப்பு வந்தது, கோயிலில்கூட இரண்டு வீட்டாரும் வேறு வேறு பூசைக்குப் போனார்கள். இரண்டு வருடம் இப்படி. கடைசியில் பங்குச் சுவாமியும் சங்கமும் இருந்து பேசி, ஜெயசீலன் இறங்கி வந்து கோட்டை வெளியே இழுத்தார். பிறகுதான் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் பேசிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

இப்போது சூசைதாசனின் கைபேசியில் ஒரு படம் இருந்தது. தம்பி வீட்டார் பள்ளிக்கூடச் சுவரில், ஊர் முழுக்கப் பார்க்க, வெளியே இழுத்த கோடு இல்லாத குறியைப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு வீட்டில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றால் பழைய எண்ணம் இன்னும் போகவில்லை என்றுதானே பொருள். ஞாயிறு பூசை முடிந்து விசாரிக்கும்வரை ஜெயசீலன் வலை போடக் கூடாது என்று சங்கம் சொல்லிவிட்டது. சோளகக் காற்று அடங்கி மீன் படத் தொடங்கியிருந்த கிழமை. அவருடைய வள்ளம் மட்டும் மணலில் ஏற்றிக் கிடந்தது. பிள்ளையைத் தகப்பன் வெளியே விடவில்லை.

பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டேன். தான்தான் அப்படி வரைந்ததாகச் சொன்னாளாம்.

நான் உடனே எழும்பிப் போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. அதிபரிடம் போனேன். கரைப் பிரச்சினையில் பள்ளிக்கூடம் தலை போடக் கூடாது, அடுத்த கிழமை கந்தோரிலிருந்து சுவரைப் பார்க்க வருகிறார்கள் என்றார். எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

புதன்கிழமை வகுப்பு முடிந்த பிறகு கறுப்புப் பெயின்ற்றோடு அந்தக் கட்டத்தின் முன்னால் போய் நின்றேன். கோட்டைத் திரும்ப இழுத்துவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஆகிவிடும் என்று ஒரு கணக்கு. தூரிகையைத் தோய்த்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. படம் அவர் கையில் இருக்கிறது. இப்போது கோடு வந்தால், பயந்துபோய் யாரோ வந்து மாற்றிவிட்டார்கள் என்பார்கள். அந்தப் பழியும் ஜெயசீலன் தலையில்தான் விழும். தூரிகையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் போகப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

பிள்ளையிடம் கேட்டீர்களா

சங்கக் கட்டடம் தகரக் கூரை. நீல நிறப் பிளாஸ்ரிக் கதிரைகள். பூசைக்குப் போட்ட உடுப்போடு முப்பது நாற்பது ஆண்கள். வாத்தியார் என்றதும் எழும்பி முன் வரிசையில் இடம் தந்தார்கள். அந்த மரியாதை அன்று எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ஜெயசீலன் பின்னால் நிலைக்கதவில் சாய்ந்து நின்றார். அவர் அருகே டிலானி. அவளையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள்.

தலைவர் தொடங்குவதற்கு முன் நான் எழும்பினேன். வீட்டில் ஒத்திகை பார்த்த நீளமான பேச்சில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"அந்தக் கோட்டை அழிச்சது நான். பிள்ளை சரியாத்தான் கீறினவள்."

சூசைதாசன்தான் கேட்டார்.

"ஏன் சேர் அழிச்சனீங்கள்?"

"வெளிய வந்து கிடந்தது. கை தவறிப் போச்சுதாக்கும் எண்டு நினைச்சன். வடிவா இருக்கட்டும் எண்டு அழிச்சனான்."

பின் வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். சூசைதாசன் சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்து அந்தப் படத்தை ஒரு முறை பார்த்தார்.

"அந்தக் கோட்டுக்காக நானும் தம்பியும் ரெண்டு வருசம் முகம் பாக்கேல்லை. உங்களுக்கு அது வடிவில்லையோ?"

அவர் கைபேசியைத் தாழ்த்தி என் முகத்தைப் பார்த்தார்.

"அழிக்க முதல் பிள்ளையிட்டக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

அவர் படத்தை அழித்துவிட்டுக் கைபேசியைப் பையில் போட்டார். நாளைக்கே தம்பி வலை போடலாம் என்று தலைவரைப் பார்த்துச் சொன்னார். தம்பியை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் தம்பி என்ற சொல்லை வாயால் சொன்னார். விசாரணை அவ்வளவில் முடிந்து, கூட்டம் ஐஸ் வரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

வெளியே ஜெயசீலன் என் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றார். நன்றி சொல்லவில்லை, ஏசவும் இல்லை.

"தான்தான் கீறினதெண்டு சொன்னவள் சேர். நான் கை நீட்டிப்போட்டன்."

சொல்லிவிட்டு வள்ளத்தைப் பார்க்கப் போய்விட்டார். டிலானி அங்கேயே நின்றாள். ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன். என்னைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் இருந்தாள் என்று என் மனதில் ஒரு எண்ணம் இருந்தது. வாத்தியார்மாருக்கு அப்படியெல்லாம் எண்ணம் வரும்.

அவள் தகப்பன் போன பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்கள் திருத்தினா அது சரியாத்தானே சேர் இருக்கும். வள்ளத்துக்கு அப்பிடி, பள்ளிக்கூடத்துக்கு இப்பிடித்தான் கீறவேணுமாக்கும் எண்டு நினைச்சன். நான் பிழையாக் கீறிப்போட்டன் எண்டுதான் அப்பாட்டச் சொன்னனான்."

சொல்லும்போது அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நூல் பிடித்துப் பிரித்த முப்பது கட்டத்தாலும் நான் பிள்ளைகளிடமிருந்து வெளியே எடுக்க நினைத்தது எதுவோ, அதை இந்தப் பிள்ளை கால் மணி நேரத்தில் கொண்டுவந்து சுவரில் வைத்திருந்தாள். வைத்ததைப் பிழை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

திங்கட்கிழமை

டிலானி வந்திருந்தாள். முதல் பாடம் முடிந்ததும் வகுப்பின் முன்னால் நடந்ததைச் சொன்னேன். சூசைதாசனின் மகன் தலையைக் குனிந்துகொண்டான். ரிஸ்னா மட்டும் கையை உயர்த்தி, தன் பூவின் இதழ் ஒன்றையும் நான் சின்னதாக்கிவிட்டதாகச் சொன்னாள். ஆக்கியிருந்தேன். வேறு யாருடையதில் கை வைத்திருக்கிறேன் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். அடுத்த பாடம் முழுக்க அதற்கே போதவில்லை. எனக்கே நினைவில்லாத திருத்தங்கள் பலவற்றைச் சொன்னார்கள்.

இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும் வெளியே போனார்கள். டிலானியை நிறுத்தி, கறுப்புப் பெயின்ற் டின்னையும் தூரிகையையும் கொடுத்தேன். இருந்தது போலவே கீறு பிள்ளை என்றேன்.

அவள் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு சுவருக்குக் கிட்டப் போனாள். மூன்றாவது கோடு முடியும் இடத்தில் நுனியை வைத்தாள். வைத்த கையை எடுத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு நீளம் வரவேணும் சேர்?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. அழித்த அன்று நான் அதை அளந்து பார்க்கவில்லை. நான் சொல்வேன் என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள்.